கோபேயிலிருந்து வந்த இசைத்தட்டும் நாலு பார் லூப்பும்

கேள்வி: அண்ணா, எனக்கு 24 வயது. பகலில் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன், ராத்திரியில் பீட் போடுகிறேன். சித்தப்பா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். 80களில் கோபே துறைமுகத்தில் வாங்கிய ரெக்கார்டு பிளேயரும் இருபது ஜப்பானிய எல்.பி.க்களும் பரணில் கிடந்தன. அதில் மிகி மத்சுபாரா என்ற பாடகியின் ‘பாக்கெட் பார்க்’ இருந்தது. ‘மயோனகா நோ டோவா’ பாட்டிலிருந்து நாலு பார் (தாளத்தின் நாலு சுற்று) எடுத்து லூப் செய்தேன், அதாவது திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். அதன் மேல் சிநேகிதி தமிழில் பாடியிருக்கிறாள். பல்லவி மெட்டு மட்டும் அசலை ஒட்டியே வரும். பிளேயரில் பாட்டு மந்தமாகக் கேட்டதால் 3 செமிடோன் (அரைச் சுருதி) ஏற்றினேன். அப்படியும் கீபோர்டோடு சுருதி சேரவில்லை. பாட்டை ஸ்பாட்டிஃபை மாதிரி இடங்களுக்கு அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டர் தளத்தில் ‘சாம்பிள் (அடுத்தவர் பதிவிலிருந்து எடுத்த துண்டு) இருக்கிறதா’ என்று கேட்கிறது. 7 விநாடிக்குக் கீழே என்றால் கேஸ் இல்லை என்கிறான் ஒரு நண்பன். ஜப்பான்காரன் திருப்பூருக்கா வரப்போகிறான் என்கிறான் இன்னொருவன். போடலாமா? (பெயர் வேண்டாம், திருப்பூர்)

பதில்:

தம்பி, இப்படியே போடாதீர்கள். ஏன், அப்புறம் என்ன செய்யலாம் என்பதற்கு வருவதற்கு முன் சுருதிச் சிக்கலை முடித்துவிடுவோம். நீங்கள் அனுப்பிய கோப்பை ராத்திரி ஹெட்போனில் கேட்டபோது என்னை உட்காரவிடாமல் செய்தது அதுதான்.

மூன்று செமிடோன் ஏற்றியும் இன்னும் கொஞ்சம் இறங்கியே இருக்கிறது இல்லையா? எவ்வளவு என்று அளந்தேன். ஏறக்குறைய 16 சென்ட் (ஒரு செமிடோனில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). அந்த எண்ணைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. உங்கள் காதிலும் குறையில்லை, கீபோர்டிலும் குறையில்லை. தப்பு கரண்டில் இருக்கிறது.

ஜப்பானில் கிழக்குப் பாதிக்கு 50 ஹெர்ட்ஸ் மின்சாரம், மேற்குப் பாதிக்கு 60 ஹெர்ட்ஸ். 1890களில் டோக்கியோ ஜெர்மனியிலிருந்து ஜெனரேட்டர் வாங்கியது, ஒசாகா அமெரிக்காவிலிருந்து வாங்கியது. அந்தப் பிரிவு இன்று வரை ஒட்டவேயில்லை. கோபே இருப்பது மேற்கில், 60 பக்கம். சித்தப்பா வாங்கிய மாதிரி பெல்ட் பிளேயர்களில் மோட்டாரின் வேகம் மின்சாரத்தின் ஹெர்ட்ஸைப் பிடித்துக்கொண்டுதான் ஓடும். நம் ஊரில் 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து 230 வோல்டை 100 ஆக இறக்கியிருப்பீர்கள், இல்லாவிட்டால் என்றைக்கோ புகைந்திருக்கும். ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸைத் தொடாது. ஆகவே நிமிடத்துக்கு 33⅓ சுற்ற வேண்டிய தட்டு ஆறில் ஐந்து பங்கு வேகத்தில், அதாவது 27.8 தடவை சுற்றுகிறது. சுருதிக் கணக்கில் அது 3.16 செமிடோன் இறக்கம். நீங்கள் 3 ஏற்றினீர்கள். மிச்சம் அந்த 16 சென்ட்.

சந்தேகமாக இருந்தால் தட்டின் ஓரத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டு, போனில் நிமிடம் பார்த்து எண்ணுங்கள். 28க்குப் பக்கத்தில் நின்றால் நான் சொன்னது சரி. மேல் தட்டைத் தூக்கிப் பார்த்தால் மோட்டார் முனையில் சின்னப் புல்லி இருக்கும். சில மாடல்களில் 50க்கு ஒரு படி, 60க்கு ஒரு படி என்று இருக்கும், சிலதில் புல்லியையே மாற்ற வேண்டும். 50க்கானது கொஞ்சம் பெரியது. கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. இந்த வேகத்திலேயே பதிவு செய்து, மென்பொருளில் வேகத்தைச் சரியாக 120 சதவீதம் ஆக்குங்கள். சுருதியும் தாளமும் சேர்ந்தே ஏறுகிற ரீசாம்பிள் முறையில் செய்யுங்கள். நீங்கள் சுருதியை மட்டும் ஏற்றித் தாளத்தை அப்படியே விட்டுவிட்டீர்கள். டிரம்ஸில் ஹை-ஹாட் என்கிற ஜோடித் தட்டு ஈரத்துணி மாதிரி கேட்பது அதனால்தான்.

இன்னொன்று, மூன்றாவது பாரில் உங்கள் கிக் டிரம்மும் ரெக்கார்டின் கிக் டிரம்மும் விலகுகின்றன. 1979-ல் டேப்பில், மனிதர்கள் கையால் வாசித்தது அது. மென்பொருளின் சம அளவுக் கட்டங்களில் (கிரிட்) கோடு போட்டு வெட்டினால் உட்காராது. ஒவ்வொரு பாரின் முதல் கிக்கையும் காதால் பிடித்து அங்கே மட்டும் நங்கூரம் போடுங்கள், நடுவில் இருக்கிற ஆட்டத்தைத் தொடாதீர்கள். அந்த ஆட்டத்துக்காகத்தானே எடுத்தீர்கள்? பிளேயரின் எர்த் வயரையும் ஆம்ப்ளிஃபயரில் கட்டுங்கள், அடியில் 50 ஹெர்ட்ஸ் முனகல் ஓடிக்கொண்டே இருக்கிறது.

சரி, இப்போது போடலாமா என்ற கேள்விக்கு வருவோம்.

7 விநாடி விதி என்று ஒன்று எந்த நாட்டுச் சட்டத்திலும் இல்லை. சிலர் 6 என்பார்கள், சிலர் 30 என்பார்கள், யாரிடமும் பக்க எண் இருக்காது. ஜெர்மனியில் கிராஃப்ட்வெர்க் குழு 1977-ல் வெளியிட்ட பாட்டிலிருந்து 2 விநாடித் தாளத்தை ஒரு தயாரிப்பாளர் எடுத்ததற்காக இருபது வருஷத்துக்கு மேல் கோர்ட் ஏறி இறங்கினார்கள். 2019-ல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது என்னவென்றால், எவ்வளவு சின்னத் துண்டாக இருந்தாலும் அனுமதி வேண்டும், காதுக்கு அடையாளமே தெரியாதபடி மாற்றியிருந்தால் மட்டும் வேறு கதை. மறுபக்கம், 2016-ல் அமெரிக்காவில் ஒரு கோர்ட் கால் விநாடி கூட இல்லாத ஹார்ன் துண்டு ஒன்றைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்று விட்டுவிட்டது. ஊருக்கு ஊர், கோர்ட்டுக்குக் கோர்ட் மாறுகிற விஷயம். ஆனால் நாலு பார் எடுத்து, பாட்டு முழுக்கத் திரும்பத் திரும்ப ஓட்டி, போதாக்குறைக்குப் பல்லவி மெட்டையும் எடுத்தால் எந்த ஊர் கோர்ட்டிலும் அது சின்ன விஷயமாகாது.

‘ஜப்பான்காரன் வரப்போகிறானா’ என்ற நண்பருக்கும் ஒரு வார்த்தை. யாரும் விமானம் ஏறி வர வேண்டியதில்லை. யூடியூபில் ஒலியை ஒப்பிட்டுப் பார்க்கிற இயந்திரம் தூங்குவதில்லை. சுருதியை ஏற்றிவிட்டால் பிடிபடாது என்பது வெறும் நம்பிக்கை. அதுவும் நீங்கள் எடுத்தது எந்தப் பாட்டு? 2020 கடைசியில் டிக்டாக்கில் பரவி, ஸ்பாட்டிஃபையின் உலக வைரல் பட்டியலில் முதலிடத்துக்குப் போன பாட்டு. பாடியவர் 2004-லேயே காலமாகிவிட்டார், பாட்டு 41 வருஷம் கழித்து உலகம் சுற்றியது. சிட்டி பாப் (70, 80களின் ஜப்பானிய நகர்ப்புறப் பாப் இசை) என்றதும் நினைவுக்கு வருகிற முதல் இரண்டு மூன்றில் இது ஒன்று. பரணில் இருந்த இருபது தட்டுகளில் காவல் அதிகமான வீட்டையே தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள்.

பழைய பாட்டுதானே என்றும் நினைக்க வேண்டாம். ஜப்பானில் 2018 டிசம்பர் 30 அன்று பாதுகாப்புக் காலத்தை 50 ஆண்டிலிருந்து 70 ஆக்கிவிட்டார்கள். 1979-ல் வெளியான ஒலிப்பதிவுக்கு அங்கே 2049 முடியும் வரை உரிமை உண்டு. நம் சட்டத்தில் ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டு, அப்படிப் பார்த்தாலும் 2039. வரிகள் எழுதிய தோகுகோ மியூரா காலமானது 2023-ல்தான். அதிலிருந்து 70 ஆண்டு எண்ணிக்கொள்ளுங்கள்.

கேட்பது என்றால் யாரிடம் கேட்பது? இங்கேதான் பலர் குழம்புவார்கள். பாட்டு வேறு, பதிவு வேறு. தெத்சுஜி ஹயாஷி போட்ட மெட்டும் மியூராவின் வரிகளும் ஒரு சொத்து, அது பாட்டின் உரிமையை நிர்வகிக்கிற பப்ளிஷர் கையில் இருக்கும். அன்றைக்கு ஸ்டுடியோவில் டேப்பில் பதிந்த சத்தம் இன்னொரு சொத்து. அது இசைத்தட்டுக் கம்பெனியான லேபிள் கையில், இந்தப் பாட்டுக்கு போனி கேன்யன். லூப் எடுத்தால் இரண்டு பேரிடமும் கேட்க வேண்டும். ஒருவர் சரி என்று இன்னொருவர் முடியாது என்றால், முடியாதுதான்.

இரண்டும் வேறு வேறு ஆட்களாக இருப்பது எப்படி என்று புரிய ஒரு உதாரணம். 2001-ல் ஜெனிஃபர் லோபஸின் ‘ஐ’ம் ரியல்’ பாட்டில் யெல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ராவின் ‘ஃபயர்கிராக்கர்’ ஓடுகிறது. பதிவு 1978-ல் டோக்கியோக் குழுவுடையது. ஆனால் மெட்டு மார்ட்டின் டென்னி என்ற அமெரிக்கர் 1950களிலேயே போட்டது. ஜப்பானிய இசைத்தட்டு என்று நினைத்து எடுத்தாலும் பாட்டின் உரிமைக்கு அமெரிக்காவைத்தான் கேட்க வேண்டும்! ஒரே கலைஞருக்குள்ளேயும் இந்தச் சுற்று உண்டு. ஜப்பானியப் பாடகர் தத்சுரோ யமஷிதாவின் 1982 வரையிலான தட்டுகள் இன்று சோனி பக்கம், அதற்கப்புறம் வந்தவை வார்னர் பக்கம். அதனால் உறையின் முதுகில் இருக்கிற கம்பெனி பெயரையும் கேட்டலாக் எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உறையைச் சுற்றி ஒரு காகிதப் பட்டை இருக்கும், ஒபி என்பார்கள், நம் புடவைக்கு ஒட்டியாணம் மாதிரி. அதையும் தூக்கிப் போடாதீர்கள். எண் அதில் இருக்கும், தட்டை விற்கிற நாள் வந்தால் ஒபியுடன் இருக்கிற தட்டுக்குத்தான் விலை.

மூன்றாவதாக ஒரு சமாச்சாரம் இருக்கிறது. நம்மவர்கள் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை, ஜப்பானில் ரொம்பக் கணக்கில் எடுப்பார்கள். படைப்பை அதன் உருவம் மாறாமல் வைத்திருக்கிற உரிமை. அது எழுதியவரோடு ஒட்டியது, விற்க முடியாது. 2007-ல் அங்கே பெரிய சண்டை நடந்தது. ஷினிச்சி மோரி என்ற மூத்த பாடகர், தன்னுடைய 1971 ஹிட் ‘ஒஃபுகுரோ-சான்’ பாட்டின் தொடக்கத்தில் தன் இஷ்டத்துக்குச் சில வசன வரிகளைச் சேர்த்துப் பாடினார். பாட்டை எழுதிய கோஹான் கவாஉச்சிக்கு வந்ததே கோபம். இனி என் பாட்டை நீ பாடக் கூடாது என்றுவிட்டார். உரிமைச் சங்கமான ஜாஸ்ராக், அந்த மாற்றிய வடிவத்தைப் பாட வேண்டாம் என்று சொன்னது. கவாஉச்சி 2008-ல் இறந்த பிறகு, குடும்பத்தாரோடு பேசித்தான் தீர்ந்தது. முப்பத்தைந்து வருஷம் அந்தப் பாட்டைப் பாடிப் பேர் வாங்கியவருக்கே இந்தக் கதி. சுருதி மாற்றி, வெட்டி, வேற்று மொழி வரிகளை ஏற்றுகிற நாம் எந்த மூலை? ஜாஸ்ராக் ராயல்டி வசூலிக்கும், ஆனால் பாட்டை மாற்ற அனுமதி தருகிற வேலை அதனுடையது இல்லை. அதற்கு எழுதியவரையும் பப்ளிஷரையும்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

கேட்டால் கிடைக்காதா? கிடைக்கும். த வீக்கெண்ட் 2022-ல் வெளியிட்ட ‘அவுட் ஆஃப் டைம்’ பாட்டில் தோமோகோ ஆரன் 1983-ல் பாடிய ‘மிட்நைட் பிரிடெண்டர்ஸ்’ அப்படியே ஓடுகிறது. எழுதியவர்கள் பட்டியலில் ஆரனின் பெயரும் இருக்கிறது. முன்பணம் ஒன்று போகும், அதோடு புதிய பாட்டிலேயே பழையவர்களுக்குப் பங்கு போகும். நைட் டெம்போ என்ற கொரியத் தயாரிப்பாளரும் இன்னொரு பாடம். சிட்டி பாப் பாட்டுகளை வெட்டி ஒட்டித்தான் இணையத்தில் பேர் வாங்கினார், 2019 முதல் ஜப்பானிய லேபிள்களே முறைப்படி பாட்டுகளைத் தந்து வெளியிட வைத்தன. அப்படி வெட்டி ஒட்டுகிற இசை வகையே அனுமதி இல்லாமல்தான் வளர்ந்தது என்பது உண்மை, அதை நான் மறைக்கப் போவதில்லை. எனக்கும் அந்தப் பாட்டுகள் பிடிக்கும். ஆனால் தப்பித்தவர்களைத்தான் நமக்குத் தெரியும். கணக்கு மூடப்பட்டவர்கள் யார் என்று யாருக்குத் தெரியும்?

கேட்பதென்று முடிவு செய்தால் ஜாஸ்ராக்கின் ஜே-விட் என்ற தேடல் தளம் இலவசம். பாட்டின் பெயரைப் போட்டால் எழுதியவர், மெட்டமைத்தவர், பப்ளிஷர் எல்லாம் வரும். பப்ளிஷருக்கும் லேபிளுக்கும் தனித்தனியாக மின்னஞ்சல் எழுதுங்கள். எத்தனையாவது விநாடியிலிருந்து எத்தனையாவது விநாடி வரை எடுத்தீர்கள், எத்தனை முறை வருகிறது, முடிந்த பாட்டின் கோப்பு, தமிழ் வரிகளும் அவற்றின் ஆங்கில அர்த்தமும், எங்கே வெளியிடப் போகிறீர்கள், இவ்வளவும் முதல் கடிதத்திலேயே இருக்கட்டும். வரிகளின் அர்த்தத்தைத் தவறவிடாதீர்கள். தன் மெட்டின் மேல் என்ன பாடுகிறார்கள் என்று தெரியாமல் யார் சம்மதிப்பார்? மாதக் கணக்கில் ஆகலாம். பதிலே வராமலும் போகலாம், பதில் வராதது சம்மதம் ஆகாது. டிஸ்ட்ரிபியூட்டர் படிவத்தில் ‘சாம்பிள் இல்லை’ என்று டிக் போடுவது வெறும் டிக் இல்லை, நாளைக்குப் பிரச்சினை வந்தால் செலவு என் பொறுப்பு என்று கையெழுத்துப் போடுவது.

உறைப் படத்தையும் தொடாதீர்கள். ஜப்பானியப் பாடகி மரியா தகேஉச்சியின் ‘பிளாஸ்டிக் லவ்’ பாட்டு கோடிக்கணக்கானவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது யாரோ ஒரு ரசிகர் ஏற்றிய யூடியூப் வீடியோவில். அந்த வீடியோ இடையில் காணாமல் போனது பாட்டுக்காக இல்லை, முகப்பில் வைத்த போட்டோவை எடுத்தவர் உரிமை கேட்டதற்காக. அவர் பெயரைப் போட்ட பிறகுதான் திரும்பி வந்தது.

எனக்கும் ஒரு அடி விழுந்திருக்கிறது. பல வருஷத்துக்கு முன் ஒரு விளம்பரத்துக்கு முப்பது விநாடி இசை போட்டேன். நடுவில் பழைய எல்.பி.யிலிருந்து இரண்டு பார் டிரம்பெட். யாருக்குத் தெரியப்போகிறது என்ற அதே தைரியம்தான். ஒளிபரப்புக்கு முந்தின நாள் சாயங்காலம் ஏஜென்சியிலிருந்து போன், எல்லா ஒலியும் உங்களுடையது என்று ஒரு கடிதம் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள் என்று. கை வரவில்லை. ராத்திரி பத்து மணிக்கு ஒரு டிரம்பெட்காரரை எழுப்பிக் கூட்டி வந்து, வேறு மெட்டில் வாசிக்க வைத்து, காலை ஐந்துக்கு மிக்ஸ் முடித்தேன். கிடைத்த சம்பளத்தில் பாதி அவருக்குப் போனது. இன்றும் எங்கே பார்த்தாலும் “என்ன சார், ரெக்கார்டு தேய்ஞ்சிடுச்சா?” என்பார்.

அந்த ராத்திரியில் கற்றதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். உங்கள் கோப்பில் எனக்குப் பிடித்தது சிநேகிதியின் குரலும் அதன் கீழே ஓடுகிற நடையும். அந்த நடைக்கு யாரும் சொந்தக்காரர் இல்லை. கோர்டு வரிசைகளும் வாசிக்கிற பாணியும் பொதுச் சொத்து. சிட்டி பாப்பில் அடிக்கடி வருகிற ஒன்று, சி சுருதியில் சொன்னால், எஃப் மேஜர் 7, ஈ 7, ஏ மைனர் 7, ஜி மைனர் 7, சி 7. அமெரிக்கர்களும் வாசித்திருக்கிறார்கள், இன்றைய ஜப்பானியர்களும் விடுவதில்லை. இன்னொன்று எஃப், ஜி, ஈ மைனர், ஏ மைனர். இதற்கு அங்கே ஓடோ என்று பெயர், நம் மொழியில் ராஜபாட்டை. ராஜபாட்டையில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம்.

அந்த இசைத்தட்டுகளைச் செய்தவர்களும் அப்படித்தான் கற்றார்கள். யமஷிதா 1976-ல் முதல் தனி ஆல்பத்துக்கு நியூயார்க்குக்கும் லாஸ் ஏஞ்சலீஸுக்கும் போய் அங்கத்திய ஸ்டுடியோக் கலைஞர்களை வைத்துப் பதிவு செய்தார். தனக்குப் பிடித்த சத்தத்தை உண்டாக்குகிற கைகளைத் தேடிப் போனவர் அவர்.

உங்களுக்கு அவ்வளவு தூரம் தேவையில்லை. திருப்பூரிலும் கோவையிலும் கச்சேரிக் குழுக்களில் வாசிக்கிற பேஸ் கிட்டார்காரர் ஒருவர் கட்டாயம் இருப்பார். ஒரு மத்தியானம் கூப்பிட்டு, ராஜபாட்டையில் ஒன்று, மற்றதில் ஒன்று என்று இரண்டு டேக் எடுங்கள். கிட்டாரில் தந்தியை முழுக்க அழுத்தாமல் ‘சிக் சிக்’ என்று வெட்டுகிற பாணி வேண்டும், ஜப்பானியர்கள் அதற்குக் கட்டிங் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பியானோவுக்கு ரோட்ஸ் என்ற எலெக்ட்ரிக் பியானோவின் சத்தம். டிஎக்ஸ்7 என்ற சிந்தசைசர் சத்தத்தை மட்டும் போட்டுவிடாதீர்கள், அந்தக் கருவி வந்ததே 1983-ல். உங்கள் காது தேடுவது 1979. வாசித்து முடித்ததும், அந்தப் பதிவையே ஏதோ பழைய தட்டு மாதிரி நினைத்துக்கொண்டு வெட்டுங்கள், லூப் போடுங்கள், சுருதி ஏற்றுங்கள். சாம்பிள் செய்கிற கை சும்மா இருக்காது, எனக்குத் தெரியும். இந்தத் தட்டு உங்களுடையது, எவ்வளவு வேண்டுமானாலும் அறுக்கலாம். வாசித்தவருக்குக் காசு கொடுத்து, ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பல்லவி மெட்டை மட்டும் கட்டாயம் மாற்றுங்கள். திரும்ப வாசித்தாலும் பாடினாலும் மெட்டு ஹயாஷியுடையதுதான், பதிவு புதிது என்பதால் அது உங்களுடையதாகிவிடாது. சிநேகிதியிடம் அசலை ஒரு வாரம் கேட்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, புதிய கோர்டுகளை மட்டும் கொடுத்துப் பாடச் சொல்லுங்கள்.

2003-ல் பிளாக் ஐட் பீஸ் குழு இளையராஜாவின் பாட்டுத் துண்டை எடுத்தது தெரிந்தபோது நாங்களெல்லாம் முதலில் பெருமைப்பட்டோம், அப்புறம் அவர் பெயர் எங்கே என்று உறையைத் திருப்பிப் பார்த்தோம். கோபேயில் ஒருவர் உங்கள் பாட்டைக் கேட்டாலும் அதைத்தான் செய்வார்.

இப்போதைய கோப்பை அழிக்க வேண்டாம், வெளியே விடாமல் வைத்திருங்கள். அனுமதி கேட்கிற ஆசை இருந்தால் அதைத்தான் அனுப்ப வேண்டியிருக்கும். புல்லியை மாற்றினால், டேப்பை ஒட்டி மறுபடி எண்ணிப் பார்த்து 33 வருகிறதா என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். மிச்சம் பத்தொன்பது தட்டுகளில் என்னென்ன இருக்கிறது என்றும் சொல்லுங்கள், அது என் சொந்த ஆசை.